நாற்பத்தொரு விநாடி

காருக்கு அடியில் விரித்துவைத்திருந்த செய்தித்தாளைத் தராசுக்காரர் கிழியாமல் இழுத்து வெளியே எடுக்கிறார். காலை ஆறே கால் மணி. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கறைகளைப் படிக்கிறார். கறுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய். துரு நிறம் என்றால் தண்ணீர். பச்சை என்றால் வண்டியைத் தூக்கி நிறுத்துகிற எண்ணெய். இன்றைக்குப் பச்சையில் மூன்று சொட்டு. நேற்றும் மூன்றுதான். "பரவாயில்ல, கூடலை" என்று தாளை மடிக்கிறார். அந்த வீட்டில் செய்தித்தாளை இரண்டு முறை படிக்கிறவர் அவர் ஒருவர்தான். அச்சடித்ததை மேலோட்டமாகப் படிப்பார், சொட்டியதை வரிவரியாகப் படிப்பார்.

அடுத்தது சாவி. இருபத்தொன்பது வயதான அந்தப் பிரெஞ்சுக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. எண்ணெயும் காற்றும்தான் அதைத் தாங்குகின்றன. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் வண்டி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முதலில் பின்பக்கத்தைத் தூக்கும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு முன்பக்கத்தையும் தூக்கி ஒட்டகம்போல எழுந்து நிற்கும். நின்று சற்று நேரத்தில் முன்மூடிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். தராசுக்காரர் உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். உதடுகள் அசையும். அடுத்த 'டிக்' வரும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. பால்காரரே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சங்கதி இதுதான். எண்ணெயின் அழுத்தத்தைச் சேர்த்துவைக்க வண்டிக்குள் தேங்காய் அளவில் ஓர் இரும்புக் குண்டு இருக்கிறது. அழுத்தம் குறையும்போதெல்லாம் பம்பு அதை நிரப்பும், நிரப்பும்போது 'டிக்' என்று கேட்கும். குண்டு நல்லபடியாக இருந்தால் ஒரு 'டிக்'குக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை நிமிடத்துக்கு மேல் அமைதி. குண்டு ஓய ஓய அந்த அமைதி சுருங்கிக்கொண்டே வரும். வாங்கிய புதிதில் ஐம்பது விநாடி இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் முப்பது. இன்றைக்கு ஒன்பது. இந்தக் கணக்கு குடும்பத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவர், இன்னொருவர் இருபத்திரண்டு வருடமாக அந்த முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற அவர் மனைவி.

கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். அவருடைய பெட்டிக்குள் பித்தளைப் படிக்கற்கள் வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றை வெறுங்கையால் தொடமாட்டார், வெள்ளைத் துணியால்தான் பிடிப்பார். "கை வேர்வைக்கும் எடை உண்டு" என்பார். அவர் உள்ளே நுழைந்தால் கடைக்காரர்கள் தட்டைத் துடைப்பார்கள். தராசின் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த மிட்டாய்த் தாள் ஒன்றுக்காக ஒரு கடையை மூன்று நாள் மூடவைத்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. கேட்டால் மறுக்கமாட்டார். "ரெண்டு நாள்தான்" என்று திருத்துவார்.

வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் வேறு ஆள். "பிரெஞ்சு வண்டி கெட்டுப்போகாது, கோவிச்சுக்கும். மத்த வண்டி நின்னா மெக்கானிக்கைத் தேடணும். இது நின்னா நாம என்ன தப்பு பண்ணோம்னு யோசிக்கணும்" என்பார். "எஞ்சினைப் பத்திக் கவலையே படாதீங்க, அது நம்மளைப் புதைச்சிட்டுத்தான் போகும். வயரிங்கை மட்டும் நம்பாதீங்க. மழை பெஞ்சா ஹாரன் தானா அடிக்கும், வெயில் வந்தா வைப்பர் ஓடும்." காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று கேட்பவர்கள் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் பழைய பிரெஞ்சுக் கார் ஒன்று எங்கேயாவது விலைக்கு வந்தால், வாங்க நினைப்பவர் முதலில் வந்து நிற்பது இவர் வீட்டு வாசலில்தான். தராசுக்காரர் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

போன மாதம் வரை பதினோரு வண்டிகளைப் பார்த்துச் சொல்லியிருந்தார். பதினொன்றுக்கும் ஒரே தீர்ப்பு. "வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு ஒத்துக்காது." மருந்து ஒத்துக்காது என்பதுபோல இதை அவ்வளவு அக்கறையாகச் சொல்வார். கேட்டவரும் தன் உடம்பில் ஏதோ குறை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போவார். உண்மையைச் சொல்வதென்றால் அவற்றில் பத்து வண்டிகள் உள்ளுக்குள் இற்றுப்போனவை. பதினொன்றாவது ஒரு புகைப்படக்காரர் வாங்க இருந்த வெள்ளை வண்டி. அது நன்றாக இருந்தது. அந்த வண்டியின் கைப்பிடிதான் இப்போது தராசுக்காரரின் இடதுபக்கக் கதவில் இருக்கிறது. மற்ற மூன்று கைப்பிடிகளைவிட அது பளபளப்பு கூடுதல். மனைவி அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் வேறு எங்காவது பார்ப்பார்.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட வண்டிகள் எங்கே போகும்? பழைய இரும்புக் கிடங்குக்குத்தான். கிடங்குக்காரர் இவருக்கு முதல் தகவல் கொடுத்துவிடுவார். கட்டிலுக்கு அடியில் விளக்குகளும் கண்ணாடிகளும் கதவு ரப்பரும் உயிர் போன மூன்று இரும்புக் குண்டுகளும் துணி சுற்றிக் கிடக்கின்றன. ஒருமுறை மாமியார் வந்து தங்கியபோது பெருக்கக் குனிந்து அவற்றைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஹாலிலேயே படுத்துக்கொண்டார்.

மாமியார் என்றதும் கதை இன்னொருவரிடம் போகிறது. மாமியார் வீட்டில் மருமகன்கள் இரண்டு பேர். தராசுக்காரர் பெரிய மாப்பிள்ளை. பதினெட்டு வருடமாகச் சின்ன மாப்பிள்ளையாக இருப்பவர் ஒரு பல் டாக்டர். மனைவியின் தங்கையைக் கட்டிய இந்தச் சகலையைப் பற்றித் தராசுக்காரரால் ஒரு குறைகூடச் சொல்ல முடியாது. அதுதான் குறை. பல் டாக்டருக்குத் தலைமுடி கொட்டவில்லை. வீட்டுக் குளியலறையில் வெந்நீர் மேலிருந்து மழைபோலக் கொட்டும். மாமனார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுப்பது அவருக்குத்தான். சாப்பிடும்போது மாமியார், "சின்ன மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைங்க" என்பார். பெரிய மாப்பிள்ளை போதும் என்று கையால் மறிக்கும் முன்பே கரண்டி அவரைத் தாண்டிப் போய்விடும். போதாததற்கு அந்த மனிதர் இவரை 'அண்ணா, அண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். வெறுப்பதற்குக்கூட ஒரு பிடி கொடுக்காத மனிதர்.

மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் மாமியார் வீட்டில் கூடுவார்கள். பகல் முழுவதும் வயிற்றெரிச்சல்தான். சாயங்காலம் கிளம்பும் நேரம் மட்டும் தராசுக்காரருடையது. அவர் சாவியைத் திருகுவதைப் பார்க்க வீடே வாசலுக்கு வரும். வண்டி எழுந்து நிற்கும். மாமனார், "எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்கலை" என்பார். பல் டாக்டரின் புத்தம்புதுக் கார் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கும். மாதத்துக்கு அந்த அரை நிமிடம் தராசுக்காரருக்குப் போதுமானதாக இருந்தது.

போன மாதம் அதற்கும் ஆபத்து வந்தது. பல் டாக்டர் போன் செய்தார். "அண்ணா, பக்கத்து ஊர்ல ஒரு நர்ஸம்மா வச்சிருக்காங்க. உங்க வண்டியேதான். அதே மாடல், அதே சாம்பல் கலர். நீங்க வந்து பார்த்துச் சொன்னா வாங்கிடுவேன். வேணாம்னா விட்டுடுவேன். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை சகலைகள் இருவரும் மனைவிகளோடு நான்கு பேராகப் போனார்கள். நர்ஸம்மா ஓய்வு பெற்றவர். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். மகனோடு போய் இருக்கப்போகிறார், சனிக்கிழமை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் வண்டியை யாரும் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்கு என்று பேசி வைத்திருந்தார். "பத்தொன்பது வருஷம் டூட்டிக்கு இதுலதான் போனேன். ரெண்டு தடவை வழியில நின்னுச்சு. ரெண்டு தடவையும் பெட்ரோல் போட மறந்தது நான்தான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டார்.

தராசுக்காரர் சட்டைக் கையை மடித்தார். சக்கரங்களுக்கு மேலே உட்பக்கமாக உள்ளங்கையால் தடவினார். துரு உதிரவில்லை. எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். பின்பம்பரில் உட்கார்ந்து எழுந்தார். வண்டி அமுங்கி, சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு வந்தது. நான்கு கண்ணாடிகளும் ஏறி இறங்கின, அந்த வயது வண்டியில் அது நடக்கவே நடக்காது. முன்மூடியைத் தூக்கினார். உள்ளே குண்டு புதிதாக இருந்தது, ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியவில்லை. "அது போன வருஷம் மாத்தினது. மெக்கானிக் எங்கிருந்தோ கப்பல்ல வரவழைச்சார்" என்றார் நர்ஸம்மா உள்ளேயிருந்து. இதே குண்டுக்காகத் தராசுக்காரர் மூன்று வருடத்தில் ஐந்து இடங்களுக்குக் கடிதம் எழுதி, ஐந்து இடங்களிலிருந்தும் இல்லை என்ற பதிலைப் பெற்றவர்.

எஞ்சினை ஓடவிட்டார். 'டிக்'. கடிகாரத்தைப் பார்த்தார். பெண்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து. இருபது. முப்பது. கடிகாரம் நின்றுவிட்டதா என்று காதில் வைத்துப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றியது. 'டிக்'. நாற்பத்தொன்று.

அப்போது பல் டாக்டர் அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "அண்ணா, சிரிக்கக் கூடாது. கல்யாணம் ஆன புதுசுல என்னை ஸ்டேஷன்ல இருந்து உங்க வண்டியில கூட்டிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கா? அது எழுந்து நின்னுச்சு பாருங்க, அன்னிக்குப் பிடிச்ச பொறாமை எனக்கு. நாலு கார் மாத்திட்டேன். ஒண்ணாவது எழுந்து நிக்கணுமே. உங்களது டிக்கு டிக்குன்னு ஏதாவது பேசிட்டே இருக்கும், உயிர் இருக்கிற மாதிரி. என் வண்டியெல்லாம் ஊமை."

தராசுக்காரர் அசையாமல் நின்றார். பதினெட்டு வருடமாகத் தான் மட்டும்தான் எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தார். இந்த மழைக் குளியல்காரன், இந்த முடி கொட்டாதவன், தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அவர் வாழ்க்கையில் ஒன்றும் நடந்ததில்லை. அடுத்த நொடியே இன்னொன்றும் தெரிந்தது. வாங்கச் சொன்னால் அது இன்றோடு சரி. வேண்டாம் என்றால் பொறாமை அப்படியே இருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் கிடங்கில் குண்டும் கிடைக்கும். நல்லவர்தான். ஆனால் இரண்டு கையிலும் லட்டை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லப் பழகாதவர்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா உங்களுக்கு ஒத்துக்காது, தம்பி."

பல் டாக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முகம் மட்டும் சின்னதாகிவிட்டது. "நீங்க சொன்னா சரிதாண்ணா" என்று நர்ஸம்மாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தராசுக்காரர் தன் குறிப்பேட்டில் 'பன்னிரண்டாவது வண்டி, பதினோரு விநாடி' என்று எழுதினார். யாரும் கேட்காத பொய்யை எதற்கு எழுதினார் என்று அவருக்கே தெரியாது.

திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் அவரும் மனைவியும் மட்டும்தான். சிக்னலில் நின்றபோது இவருடைய வண்டி 'டிக்' என்றது. ஒன்பது விநாடி கழித்து மறுபடி 'டிக்'.

"நாப்பத்தொண்ணு" என்றார் மனைவி, கண்ணாடியைப் பார்த்தபடியே.

"என்ன?"

"நானும்தான் எண்ணினேன். இத்தனை வருஷம் இதுல உக்காந்து வேற என்ன வேலை எனக்கு?"

தராசுக்காரர் கியரை மாற்றினார். விளக்கு இன்னும் சிவப்பில்தான் இருந்தது.

"தங்கச்சி வீட்டுக் குளியலறையைப் பார்த்து எனக்கும்தான் எரியுது" என்றார் மனைவி. "ஒவ்வொரு தடவையும் எரியுது. அதுக்காக நான் போய் அவ குழாயை உடைச்சேனா? அந்தம்மா பத்தொன்பது வருஷம் ஓட்டின வண்டி. சனிக்கிழமை அதை நசுக்கப்போறாங்க. நசுக்கட்டும். உங்களுக்கு ஒரு குண்டு கிடைக்கும்." அதோடு சரி. வீடு வந்ததும் இடதுபக்கக் கதவின் அந்தப் பளபளப்பான கைப்பிடியை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

திங்கள், செவ்வாய், புதன். தராசுக்காரர் காலையில் தாளைப் படித்தார், ஒன்பது எண்ணினார், வேலைக்குப் போனார். புதன்கிழமை ஒரு கடைக்காரரைக் கட்டைவிரலால் தட்டை அழுத்தியதற்காகப் பிடித்தார். வழக்கமாக இதற்கு ஒரு சொற்பொழிவு உண்டு. அன்றைக்கு, "இனிமே பண்ணாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடைக்காரர்தான் பயந்துபோனார். பெரிய தண்டனை பின்னால் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். காத்திருந்த நான்கு பேரைத் தாண்டி இவரை உள்ளே அழைத்தார்கள். "என்னண்ணா, பல் வலியா?" என்று கேட்டதும் வந்த காரியத்தைச் சொல்ல நா எழவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் சாய்வு நாற்காலியில் படுத்து வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதாக அவருக்கு மூன்று வருடமாகச் சந்தேகம். எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் காட்டாதிருந்த அந்தப் பல்லை, 'ஆடுது' என்று இப்போது விரலால் காட்டினார்.

பல் டாக்டர் கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தட்டினார். காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டார். தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தில் கண்கள் சுருங்கியிருப்பதைத் தராசுக்காரர் பார்த்தார். தான் முன்மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. "யார் ஆடுதுன்னு சொன்னது? ஒண்ணும் ஆடலை. இது இன்னும் இருபது வருஷம் போகும்ணா. இதை எடுக்கச் சொல்றவன் டாக்டரே இல்ல."

வாயில் பஞ்சு. எச்சில் உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம். தராசுக்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "வண்டியை வாங்குங்க" என்றார். பஞ்சுக்குள் அது வேறு என்னவோவாகக் கேட்டது. பஞ்சை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார்.

"ஒத்துக்காதுன்னீங்களே?"

"உங்களுக்கு ஒத்துக்கும். எனக்குத்தான் ஒத்துக்கலை." நாற்காலியிலிருந்து எழுந்து செருப்பைத் தேடினார். "நாளைக்கே போயிடுங்க. சனிக்கிழமை வரைக்கும் வச்சிருக்க வேணாம்."

பல் டாக்டருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருந்தாலும் காட்டிக்கொள்கிற ஆள் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் தராசுக்காரர் குறிப்பேட்டை எடுத்து, பதினொன்றை அடித்துவிட்டு மேலே நாற்பத்தொன்று என்று எழுதினார். பன்னிரண்டு வண்டிகளில் முதல் தடவையாகத் தீர்ப்பு மாறியது. மனைவி அதைப் பார்த்தார். பொறாமை போய்விட்டதா என்றால் அதெல்லாம் போகவில்லை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மாத ஞாயிறு வந்தது. மாமியார் வீட்டு வாசலில் இரண்டு சாம்பல் வண்டிகள் அடுத்தடுத்துப் படுத்திருந்தன. பகல் வழக்கம்போலவே போயிற்று. கரண்டி இவரைத் தாண்டிப் போனது. சாயங்காலம் வீடே வாசலுக்கு வந்தது. முதலில் தராசுக்காரர் சாவியைத் திருகினார். வண்டி பின்பக்கத்தைத் தூக்கியது, யோசித்தது, முன்பக்கத்தைத் தூக்கியது. பிறகு பல் டாக்டர் திருகினார். அது ஒரே மூச்சில், பாதி நேரத்தில் எழுந்தது. மாமனார் இரண்டாவது வண்டியைச் சுற்றி வந்தார். "சின்ன மாப்பிள்ளை வண்டி சுறுசுறுப்பு" என்றார். தராசுக்காரர் இறங்கித் தன் வண்டியின் கூரையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

பல் டாக்டர் மட்டும் சந்தோஷமாக இல்லை. அவரும் இறங்கித் தன் வண்டியின் முன்மூடியில் காதை வைத்தார். பிறகு தராசுக்காரரின் வண்டிப் பக்கம் காதைத் திருப்பினார். டிக். இவருடையது. டிக். மறுபடி இவருடையது. டிக்.

"அண்ணா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "உங்களது எப்பவும்போல நல்லாப் பேசிட்டிருக்கு. என்னுது வாயையே திறக்க மாட்டேங்குது. மூணு நாளா பார்க்கிறேன். ஏதாவது கோளாறா? மோசமான வண்டியை வாங்கிட்டேனா?"

வாசலில் எல்லோரும் தராசுக்காரரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெல்லக்கட்டியாக நாக்கின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. மனைவி இடதுபக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றிருந்தார், திறக்கவில்லை.

"கோளாறு எதுவும் இல்ல, தம்பி" என்றார் தராசுக்காரர். "நல்ல வண்டி பேசாது."

டிக் என்றது அவர் வண்டி.

அவர் திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டார். யாரையும் பார்க்காமல் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார்.